அறுநூற்றெட்டுச் சுற்று

கடப்பாரை முழங்கால் ஆழத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. நெவில் ஒரு காலடி தள்ளிக் குத்திப் பார்த்தார். ணங். இன்னொரு காலடி தள்ளினார். அங்கேயும் ணங். நினைவுக் கல்லைச் சுற்றி வேலி போட நாலு மூலையிலும் நாலு கம்பம் நட வேண்டும். நாலு குழியிலும் அதே கதை. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சாம்பல் நிறப் பலகைப்பாறை.

“போதும் மாப்ள, கடப்பாரை மழுங்கிடும்,” என்றார் ராஸ்கோ, தொப்பியைக் கழற்றி முகத்து ஈக்களை விசிறியபடி. “இங்க ஒரு முயலைக்கூடப் பொதைக்க முடியாது. ஒரு பொம்பளைய எப்படிப் பொதைச்சே நீ?”

“நான் பொதைக்கல. தாமஸ் ஹானிகன் பொதைச்சான்.”

“எதை வெச்சு? வெடி வெச்சா?”

நெவில் சிரிக்கவில்லை. குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். உதிர்கிற சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் ஆறுதல்பட்டிருப்பார். அந்த வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் அரை மீட்டரில் ஒரு சுண்ணாம்பு ஓடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அப்புறம் ஆள் உயரத்துக்கு மண்தான். இது அதுவல்ல. இது மலையின் எலும்பு. உடைத்தால் இன்னும் பாறை, அதற்குக் கீழும் பாறை.

அவருக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு பாறாங்கல் நின்றது. அதில் பதித்த பித்தளைத் தகட்டில், “பிரிஜெட் ஹானிகன், 1874 மார்ச், இங்கே உறங்குகிறாள்” என்று இருந்தது. எழுத்து நெவிலுடையது. இடத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

நெவில் ட்ரெகியர் ஹால்பின் ஊர்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் கிடைக்கிற ஐந்து மணி நேரத்தை ஊர் நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களிலும் நில அளவைப் படங்களிலும் செலவழிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் படித்ததைத் தேடிப் போவார்: கூரை போன கல்வீடு, இடிந்த தேவாலயம், ஆடுகளுக்கு மட்டும் தெரிந்த கிணறு. எதைப் படித்தாலும் போய்ப் பார்க்காமல் நம்பமாட்டார். போய்ப் பார்த்துவிட்டால் திரும்ப வந்து இன்னொரு தடவை படிப்பார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஊர் வரலாற்றுக் குழுவுக்குப் பதினோரு உறுப்பினர்கள், நெவில் செயலாளர்.

தாமஸ் ஹானிகன் மாட்டு வண்டிக்காரன். உள்நாட்டிலிருந்து கம்பளிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவன். ஒரு தடவை மனைவியும் கூட வந்தாள். வழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவனுடைய நாட்குறிப்பின் நகல் நெவிலிடம் இருந்தது. அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம்.

“விடிந்ததும் தோண்டத் தொடங்கினேன். மேல் ஓட்டைக் கடப்பாரையால் உடைக்க வேண்டியிருந்தது. கீழே மாவு மாதிரி மண். என் தோள் ஆழம். அவளை வைத்து மூடினேன். பாதைக்கு வடக்கே பதினைந்து காலடி. திரும்பி வந்து கல் நட வேண்டும். அடையாளத்துக்கு இங்கே ஒரு மரம்கூட இல்லை. சக்கரத்தில் துணி கட்டினேன். ஓடைத் தண்ணீர் சக்கரத்தில் படும்வரை அறுநூற்றெட்டுச் சுற்று.”

அப்போது அந்தப் பாதையில் மைல்கல் கிடையாது. சங்கிலி இழுத்து அளக்கிறவர்கள் வந்துசேரப் பல வருடம் ஆயிற்று. வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் வண்டிதான். சக்கரத்தின் ஓர் ஆரக்காலில் துணியைக் கட்டிவிட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை துணி மேலே வரும். அதை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு தீக்குச்சியை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவான் தாமஸ். அதுவும் நாட்குறிப்பிலேயே வேறொரு பக்கத்தில் இருக்கிறது. சக்கரத்தின் சுற்றளவு தெரிந்தால் போதும், தூரம் தானாக வந்துவிடும்.

தாமஸின் வண்டியைச் செய்தவர் ஹால்பின் தச்சர். அவர் செய்த சக்கரம் ஒன்று ஊர் மன்றத்தின் வாசலில் சாய்ந்து நிற்கிறது. நெவில் ஒருநாள் அளவு நாடாவோடு போய் அளந்தார். விட்டம் ஐந்து அடி. இரும்புப் பட்டையைச் சுற்றி அளந்தால் நாலு மீட்டர் எழுபத்தொன்பது சென்டி. அறுநூற்றெட்டால் பெருக்கினால் இரண்டு கிலோமீட்டர் தொள்ளாயிரத்துச் சொச்சம். வண்டிகள் ஓடையைக் கடந்த பழைய துறையிலிருந்து, தூரம் காட்டும் மீட்டர் சக்கரத்தை உருட்டி அளந்துகொண்டே வந்து நின்ற இடம்தான் இது. ஆறு வருடம் முன்பு பாறாங்கல் வந்தது, தகடு வந்தது, நாற்பது பக்கத்தில் ஒரு சிறு புத்தகமும் வந்தது.

இப்போது கையில் சாம்பல் நிறப் பாறைத் துண்டோடு நெவில் எழுந்து நின்றார்.

“அவ இங்க இல்ல, ராஸ்கோ.”

“அதான் நான் மொதல்லேர்ந்து சொல்றேனே.”

“சிரிக்காத. செவ்வாக்கிழமை நீ எங்க தோண்டுற?”

ராஸ்கோவின் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. இன்று ராஸ்கோ கவுன்சிலின் சாலை வேலைகளுக்கு மேற்பார்வையாளர். ஓடைக்குக் குறுக்கே புதுப் பாலம் வருகிறது. பாலத்தின் இரு முனையிலும் மேடு போட மண் வேண்டும். அந்தக் காலத்து மந்தை வழி என்பதால் சாலைக்கு இரு பக்கமும் அகலமான வெற்று நிலம் கிடக்கிறது. அங்கேதான் மண் எடுக்கப்போகிறார்கள். வடக்குப் பக்கம் நானூறு மீட்டர் நீளத்துக்கு முளைக்குச்சி அடித்தாகிவிட்டது. தோண்டும் இயந்திரம் செவ்வாய் காலை ஏழு மணிக்கு வருகிறது.

“ஓடையிலேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்ல ஆரம்பிச்சு ரெண்டாயிரத்து முன்னூறு வரைக்கும்,” என்றார் ராஸ்கோ. “உன் கடுதாசி ஃபைல்ல இருக்கு. ‘இந்தச் சாலையில் ஒரே ஒரு கல்லறை, அது இரண்டு கிலோமீட்டர் தொள்ளாயிரத்தில். வேறு இடத்தில் எதுவும் இல்லை.’ கீழ உன் கையெழுத்து.”

“அது தப்பு.”

“சரி தப்பு. அப்போ எங்க இருக்கு?”

“தெரியல. வேற எங்கயோ.”

“எங்கயோன்னா நான் என்ன பண்ண முடியும்? நாலு லாரி, ஒரு மெஷின், எட்டு ஆளு. ஒரு எடத்தக் காட்டு, அதச் சுத்திக் கயிறு கட்டிட்டு மத்த எடத்துல தோண்டுறேன். ‘எங்கயோ’வச் சுத்திக் கயிறு கட்ட முடியாது மாப்ள.”

“மாநிலத் தொல்லியல் அலுவலகத்துல சொல்லி நிறுத்தறேன்.”

“சொல்லு. இன்னிக்குச் சனி. நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை குதிரைப் பந்தய லீவு. மூணு நாளும் ஆபீஸ் பூட்டித்தான் கெடக்கும், அந்தப் பூட்டுகிட்டயே சொல்லிட்டு வா.” ராஸ்கோ கடப்பாரையை வண்டியில் எறிந்துவிட்டு, சற்றுக் குரல் தணித்தார். “எல்வா கெழவிகிட்ட என்ன சொல்லப் போற?”

அதுதான் நெவிலின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

எல்வா ஹானிகன் தாமஸின் மகன் வழியில் வந்தவர். வயது எழுபத்து நான்கு. நாட்குறிப்பைத் தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் வையாலா நகரத்திலிருந்து தன் சிறிய காரில் பூவோடு வருவார். மூன்று வருடம் முன்பு தம்பி கெவின் இறந்தபோது, அவனுடைய சாம்பலை அந்தப் பாறாங்கல் அருகே ஒரு முழக் குழியில் வைத்தார். குடும்பத்தில் யாராவது பிரிஜெட்டுக்குத் துணையாக இருக்கட்டும் என்றார். சாம்பலுக்கு ஒரு முழம் போதும். அதனால் அன்று பாறை தட்டவில்லை.

அன்று மாலை நெவில் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பினார். ஆட்டிறைச்சித் தட்டை வைக்க இடமில்லாமல் மனைவி கிளெனிஸ் நின்றுகொண்டிருந்தார்.

“பிரிஜெட்டைக் கொஞ்சம் நகத்தி வை நெவ், சோறு ஆறுது.”

“அவளைத்தான் எங்க நகத்தறதுன்னு தெரியல.”

முப்பத்தைந்து வருடத்துக் குடித்தனம். கணவரின் குரலை வைத்தே விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டார் கிளெனிஸ். தட்டை அடுப்படியிலேயே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். நெவில் ஒன்றொன்றாக விளக்கினார்.

ஓடைத் துறை இடம் மாறியிருக்குமோ? மாறவில்லை. துறையில் பாறை மேல் இரும்புப் பட்டைகள் தேய்த்த இரண்டு பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு விரல் ஆழம். எல்லா வண்டியும் அங்கேதான் இறங்கியது. பாதை வளைந்து போயிருக்குமோ? பழைய அளவைப் படத்தில் பாதை ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேர். இன்றைய தார்ச்சாலை அதன் மேலேயே படுத்திருக்கிறது. எண்ணிக்கை தவறியிருக்குமோ? நூறுக்கு ஒரு தீக்குச்சி வைக்கிறவன் ஒரு குச்சியை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் உண்மைத் தூரம் கூடும். இடம் இன்னும் மலைப்பக்கம் தள்ளிப்போகும். அங்கே பாறை மட்டும்தான்.

“அப்போ தூரம் கொறையணும்,” என்றார் கிளெனிஸ்.

“கொறையணும். ரெண்டரை கிலோமீட்டர் வரைக்கும்தான் சுண்ணாம்பு ஓடும் மண்ணும். அதுக்கப்புறம் பாறை. அவன் ஓட்டை உடைச்சேன்னு எழுதியிருக்கான். ஆனா எவ்வளவு கொறையணும்னு தெரியணுமே. எதுக்காகக் கொறையணும்?”

“சக்கரம் வழுக்கியிருந்தா?”

“வழுக்கினாலும் தூரம் கூடத்தான் செய்யும், அதுவும் நூத்துல ஒண்ணு ரெண்டு. இங்க நூத்துல கொறஞ்சது பதினாலு தப்பு இருக்கு.”

கிளெனிஸ் ஒரு படத்தை மடித்து வைத்தார். பிறகு, “எல்வாகிட்ட நாளைக்கே சொல்லிடு. செவ்வாக்கிழமை ரேடியோல கேட்டுத் தெரிஞ்சுக்க வெக்காத,” என்றார்.

இரவே ஃபோன் செய்து வரச் சொல்லியிருந்தார் நெவில். ஞாயிறு பத்து மணிக்கு எல்வாவின் கார் பாறாங்கல் அருகே வந்து நின்றது. மஞ்சள் சாமந்தி ஒரு கொத்து, மடக்கு நாற்காலி, தெர்மாஸில் தேநீர். கல்லருகே நாலு குழிகளைப் பார்த்ததும், “என்ன கண்ணு, வளை தோண்டற வோம்பாட் குடும்பம் குடிவந்திருக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

நெவில் சொல்லத் தொடங்கினார். பஸ் ஓட்டுகிற மனிதர், குழந்தைகளிடம் நூறு தடவை ஒரே விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிப் பழகியவர். அன்று வாக்கியங்கள் பாதியில் நின்றன. பாறை, கடப்பாரை, ஓடு, தூரம். எல்வா பூங்கொத்தைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க இல்லையா?”

“இல்லீங்க எல்வா.”

“ஆறு வருஷமா நான் யாரோட பேசிட்டிருந்தேன்?”

நெவில் தலை குனிந்தார்.

“கெவினை இங்க வெச்சேனே. நீ காட்டின எடத்துலதானே வெச்சேன்? ‘நிச்சயமா’ன்னு சொன்னே. அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நான் ரெண்டு தடவை கேட்டேன், நீ ரெண்டு தடவையும் நிச்சயமான்னு சொன்னே.” அதுவரை ‘நீங்க’ என்றுதான் பேசுவார் எல்வா. “என் தம்பி தனியாக் கெடக்கான். யார் பக்கத்துலயும் இல்லாம, ஒரு கல்லுக்குப் பக்கத்துல.”

“மன்னிச்சுக்கங்க.”

“மன்னிப்பு கெடக்கட்டும். இன்னும் ஏதோ சொல்லாம வெச்சிருக்கே. மொகத்துல தெரியுது.”

நெவில் மண் எடுக்கிற விஷயத்தையும், தான் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் சொன்னார். செவ்வாய் ஏழு மணி என்றதும் எல்வா மடக்கு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பூங்கொத்தை மடியில் கிடத்தினார்.

“மெஷின் வாளியில அள்ளி எடுத்துப் பாலத்துக்குக் கீழ கொட்டிடுவாங்க,” என்றார். “அதுக்கப்புறம் அவ எங்கயுமே இருக்கமாட்டா.”

“கண்டுபிடிச்சா நிறுத்திடுவேன்னு ராஸ்கோ சொல்லியிருக்கான். எடத்தச் சொல்லணும், அவ்வளவுதான்.”

“அப்போ சொல்லு.”

“தெரியலீங்க. கணக்குல எது தப்புன்னு தெரியல. சக்கரத்த அளந்தேன், பெருக்கினேன். அதுல ஒரு தப்பும் இல்ல.”

“அந்தச் சக்கரம் இப்போ எங்க?”

“மன்றத்து வாசல்ல. ஆனா அது சக்கரம் மட்டும்தான். அதே தச்சர் செஞ்ச முழு வண்டி ஒண்ணு ஆல்டர்ஸ்லியில இருக்கு, எழுபது கிலோமீட்டர். பழைய வண்டிக் கொட்டாய் ஒண்ணு வெச்சிருக்காங்க. லீவு நாள்ல தெறப்பாங்க. நாளைக்குப் போய் அதையும் ஒரு தடவை அளந்து பாக்கலாம்னு...”

“நானும் வரேன்,” என்றார் எல்வா. “இந்தத் தடவை நீ சொல்றத நான் நம்பமாட்டேன். கூட நின்னு பாப்பேன்.”

அன்றிரவு எல்வா அவர்கள் வீட்டிலேயே தங்கினார். கிளெனிஸோடு மட்டும் பேசினார்.

திங்கள் காலை ஆல்டர்ஸ்லி தகரக் கொட்டகைக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. வாசலில் லாமிங்டன் கேக் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி கயிற்றை அவிழ்த்து அவர்களை உள்ளே விட்டார். நடுவில் நின்றது வண்டி. தட்டையான மேடை, அதன் மேல் காட்சிக்காக அடுக்கிய கம்பளிப் பொதிகள், நாலு சக்கரம், முன்னால் மாடு பூட்டும் நீளமான ஏர்க்கால். மாடு மட்டும்தான் இல்லை.

நெவில் நேராகப் பின்சக்கரத்துக்குப் போனார். நாடாவைச் சுற்றினார். நாலு மீட்டர் எழுபத்தொன்பது. ஒரு சென்டிகூட மாறவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசிக் கயிறும் அறுந்த மாதிரி இருந்தது.

“அவன் எங்க நின்னான்?” என்று கேட்டார் எல்வா.

“யாரு?”

“தாமஸ். வண்டி மேல உக்காந்திருந்தானா?”

“இல்லீங்க. மாட்டு வண்டியில யாரும் உக்காரமாட்டாங்க. குதிரைக்குத்தான் கடிவாளம். மாட்டுக்குக் குரலும் சாட்டையும்தான். எப்பவும் இடப்பக்கமா நடந்து வருவாங்க. ஏர்க்கால்ல பூட்டின கடைசி ஜோடி இருக்கே, அந்த மாட்டுத் தோள் பக்கம்தான் தாமஸோட எடம். மாட்டோட பேரு சொல்லி எழுதியிருக்கான்.”

எல்வா மெதுவாக நடந்து வண்டிக்கு முன்னால், இடப்பக்கம், ஏர்க்காலை ஒட்டி நின்றார். ஒரு மாட்டின் தோளுக்கு இடம் விட்டு நின்றார். திரும்பிப் பார்த்தார்.

“இங்கயா?”

“அங்கதான்.”

“உன் கைக்குட்டைய அந்தச் சக்கரத்துல கட்டு.”

நெவில் எழுந்து பின்சக்கரத்தின் ஆரக்காலில் கைக்குட்டையைக் கட்டினார்.

“கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்.”

“பொய் சொல்லாத. ஒண்ணும் தெரியலயே.”

“மேல்பக்கம் கட்டியிருக்கேன், பாருங்க.”

“நெவில், எனக்குக் கண்ணாடி போட்டா ஊசில நூல் கோக்கத் தெரியும். இங்கேர்ந்து அந்தச் சக்கரமே தெரியல. முன்னால ஒரு சக்கரம் நிக்குது, அதுக்கு மேல மூட்டை தொங்குது. நீ நிக்கறதே பாதிதான் தெரியுது.”

நெவில் கைக்குட்டையை அவிழ்க்காமலே ஓடிவந்து எல்வாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். உண்மைதான். பின்சக்கரம் முன்சக்கரத்தின் முதுகில் ஒளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பாதையை விட்டுப் பத்தடி விலகி நடக்க வேண்டும். எந்த வண்டிக்காரனும் மாட்டைவிட்டு அவ்வளவு தூரம் போகமாட்டான். ஆனால் முன்சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில், தோளுக்குப் பின்னால் நின்றது. அதில் ஒரு துணி மேலே வந்தால் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம், ஓரக்கண்ணே போதும்.

முன்சக்கரம் சிறியது. வண்டி திரும்பும்போது அது மேடைக்கு அடியில் நுழைய வேண்டும், அதனால் எப்போதும் சிறியதாகத்தான் செய்வார்கள். இது நெவிலுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் அந்த வட்டாரத்தில் எந்த ஊர் மன்றத்தின் வாசலிலும், எந்தப் பண்ணைக் கதவருகிலும் சாய்த்து வைத்திருப்பது பெரிய சக்கரம்தான். பார்க்க அழகு அதற்குத்தான். சின்னச் சக்கரங்களை எல்லாம் விவசாயிகள் கழற்றித் தள்ளுவண்டிக்கு மாட்டித் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். வரலாற்றுக் குழுவின் பதினோரு பேருக்கும் வண்டிச் சக்கரம் என்றால் ஐந்தடிச் சக்கரம். கணக்கைச் சரிபார்த்தவர்களும் அவர்கள்தான்.

நெவில் மண்டியிட்டு முன்சக்கரத்தைச் சுற்றி நாடாவை ஓட்டினார். எல்வா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மீட்டர் ஐம்பத்தொன்று. விட்டம் மூன்றடி எட்டு அங்குலம். கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த விருந்தினர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெருக்கினார். இரண்டாயிரத்து நூற்று முப்பத்துநான்கு மீட்டர்.

அது முளைக்குச்சிகளுக்கு உள்ளே.

“இந்தத் தடவை நிச்சயமா?” என்று கேட்டார் எல்வா.

“நிச்சயம்னு சொல்லமாட்டேன். ஆனா இதச் சோதிச்சுப் பாக்க வழி இருக்கு.”

வழியில் வீட்டிலிருந்து கிளெனிஸையும் இரும்புக் கம்பியையும் ஏற்றிக்கொண்டார்கள். கம்பி ஒன்றேகால் மீட்டர், மேலே குறுக்குக் கைப்பிடி. துறையிலிருந்து நெவில் மீட்டர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தார். எண் 2134 காட்டியபோது ஐந்தாவது முளைக்கும் ஆறாவது முளைக்கும் நடுவில் நின்றார்கள். சுற்றிலும் காய்ந்த புல், மட்டமான செம்மண். ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை.

அவருடைய யோசனை இதுதான். அங்கே எங்கு குத்தினாலும் அரை மீட்டரில் சுண்ணாம்பு ஓடு கம்பியை நிறுத்த வேண்டும். அந்த ஓடு உண்டாக ஆயிரக்கணக்கான வருடம் ஆகும். ஒரு தடவை யாராவது கடப்பாரையால் உடைத்திருந்தால், நூற்றைம்பது வருடத்தில் அது திரும்ப மூடியிருக்காது. உடைந்த இடத்தில் கம்பி நிற்காமல் போக வேண்டும். எண்ணிக்கையிலும் வழுக்கலிலும் ஒரு சதவீதம் பிழை என்றால் இருபத்தோரு மீட்டர். அதனால் முன்னும் பின்னும் முப்பது மீட்டர் தேடினால் போதும். பதினைந்து காலடி என்றால் பாதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஹானிகன்கள் கத்தோலிக்கர்கள், கால் கிழக்கே இருக்கும்படி வைப்பார்கள். சாலையும் கிழக்கு மேற்காகத்தான் ஓடுகிறது. எனவே குழி சாலைக்கு இணையாக, ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு குத்து வைத்து வரிசையாகப் போனால் அது தப்பாது. வரிசைக்கும் வரிசைக்கும் அரை மீட்டர் இடைவெளி.

கயிறு கட்டினார்கள். நெவில் குத்த, கிளெனிஸ் கயிற்றை நகர்த்த, எல்வா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். டொக். டொக். டொக். முதல் வரிசை நாற்பது குத்து, எல்லாம் ஓடு. இரண்டாவது வரிசையும் அப்படியே. மூன்றாவது முடிந்தபோது நெவிலின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. கிளெனிஸ் கம்பியை வாங்கிக்கொண்டார். நான்காவதிலும் ஒன்றும் இல்லை. வெயில் சாயத் தொடங்கியது.

ஐந்தாவது வரிசையில் பதினாறாவது குத்து. கிளெனிஸ் எப்போதும் போல உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அழுத்தினார். கம்பி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு கைப்பிடி வரை இறங்கியது. அதோடு கிளெனிஸும் முழங்காலில் விழுந்தார்.

“ஐயோ, நெவ்.”

எல்வா நாற்காலியை விட்டு எழுந்தார். நெவில் கம்பியைப் பிடுங்கி, அரை முழம் தள்ளிக் குத்தினார். இறங்கியது. இன்னும் அரை முழம். இறங்கியது. அதற்கு அப்பால் டொக். இப்படியே ஓரம் தேடினார். கிளெனிஸ் மதியச் சாப்பாட்டுப் பையில் கிடந்த பிளாஸ்டிக் முட்கரண்டிகளை ஓடு தொடங்குகிற இடத்தில் எல்லாம் நட்டுக்கொண்டே வந்தார். முடித்தபோது காய்ந்த புல்லுக்கு நடுவே வெள்ளைக் கரண்டிகளால் ஒரு நீள்சதுரம் தெரிந்தது. நீளம் இரண்டு மீட்டர், அகலம் முக்கால் மீட்டர். நாலு ஓரமும் நேர்.

எல்வா அதன் பக்கத்தில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

“கெவினை என்ன பண்றது?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நீங்க சொல்றபடி,” என்றார் கிளெனிஸ்.

“தெரியல. நாளைக்கு யோசிக்கறேன். மொதல்ல அந்த ஆளுக்கு ஃபோன் போடு, நெவில்.”

ராஸ்கோ கிளப்பில் இருந்தார். பின்னணியில் பந்தய வர்ணனையும் யாரோ கத்துவதும் கேட்டது.

“என் குதிரை கடைசியா வந்துது. உன்னோடது என்ன ஆச்சு, ப்ரொஃபசர்?”

“ராஸ்கோ, பேப்பர் இருக்கா? எழுதிக்க.”

“பியர் கிளாஸ் வெக்கற அட்டைல எழுதறேன். சொல்லு.”

“நான் எழுதின கடுதாசி தப்பு. காலையில வேற கடுதாசி தரேன், கையெழுத்துப் போட்டு. நான் பின்சக்கரத்த வெச்சுக் கணக்குப் போட்டுட்டேன். தாமஸ் மாட்டுத் தோள் பக்கம் நடந்தான், அங்கேர்ந்து பின்சக்கரம் தெரியாது. அவன் எண்ணினது முன்சக்கரத்த. சுத்தளவு மூணு மீட்டர் அம்பத்தொண்ணு, அறுநூத்தியெட்டுச் சுத்து, ரெண்டாயிரத்து நூத்தி முப்பத்தி நாலு மீட்டர். கம்பி போட்டுப் பாத்தோம். ரெண்டாயிரத்து நூத்தி இருபத்தேழுல சுண்ணாம்பு ஓடு ஒடைஞ்சிருக்கு, ஆளு நீளத்துக்கு. சாலை நடுவுலேர்ந்து வடக்க பதினோரு மீட்டர், உன் அஞ்சாவது முளைக்கும் ஆறாவது முளைக்கும் நடுவுல. அந்த ரெண்டு முளைக்கு நடுவுல தோண்டாத. மத்த எடத்துல தோண்டிக்க.”